அபராதம் வீட்டுக்கு, புள்ளி யாருக்கு?

போக்குவரத்துப் போலிசிடமிருந்து கடிதம் வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி “எவ்வளவு?” என்பதுதான். 200 வெள்ளியா, 400 வெள்ளியா? தொகை தெரிந்ததும் கொஞ்சம் திட்டு, கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்துக் கட்டிவிடுவார். விஷயம் முடிந்தது என்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

அங்கே பாதி விஷயம்தான் முடிந்திருக்கிறது. அபராதத்தை அப்பா கட்டலாம், அக்கா கட்டலாம், மாதக் கடைசி என்றால் மச்சானிடம் கைமாற்று வாங்கியும் கட்டலாம். ஆனால் அந்தக் குற்றத்தோடு சேர்ந்து வரும் குற்றப்புள்ளி, அதாவது நாம் ‘டிமெரிட் பாயிண்ட்’ என்று சொல்வது, வண்டியை ஓட்டியவர் ஒருவரை மட்டுமே சேரும். அதைப் பங்கு போட முடியாது, பணம் கொடுத்து அழிக்கவும் முடியாது. ஆகவே கடிதம் வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஓட்டினது யார்? அவர் கணக்கில் ஏற்கெனவே எத்தனை புள்ளி இருக்கிறது?

ஒரே காரை அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் பிள்ளை என்று மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அந்தக் குடும்பங்களுக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

24 மாதம், 24 புள்ளி

சிங்கப்பூரில் இந்தப் புள்ளி முறை 1983ல் தொடங்கியது. அடிப்படை விதி எளிது. 24 மாதங்களுக்குள் ஒருவர் 24 புள்ளியோ அதற்கு மேலோ சேர்த்துவிட்டால் அவருடைய ஓட்டுநர் உரிமம் தற்காலிகமாக முடக்கப்படும். முதல் தடவை என்றால் 12 வாரம்.

எந்தக் குற்றத்துக்கு எத்தனை புள்ளி? சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினாலும் 12. இருக்கை வார் போடாமல் ஓட்டினால் 3. இந்த மூன்றும் பலருக்குத் தெரியும். மாறியிருப்பது வேகத்துக்கான கணக்கு. 2026 ஜனவரி 1 முதல் அது கடுமையாகிவிட்டது.

வேக எல்லையை 20 கிலோமீட்டர் வரை மீறினால் முன்பு 4 புள்ளி, இப்போது 6. மீறல் 21 முதல் 30 வரை என்றால் 6 புள்ளி 8 ஆகிவிட்டது. 31 முதல் 40 வரை என்றால் 8 இருந்த இடத்தில் 12. 41 முதல் 50 வரை என்றால் 12 இருந்த இடத்தில் 18. அதற்கும் மேலே போனால் ஒரே தடவையில் 24. அபராதமும் ஏறியிருக்கிறது. கார் போன்ற இலகு வாகனங்களுக்கு 20 கிலோமீட்டர் வரையிலான மீறலுக்கு 150 வெள்ளியாக இருந்தது இப்போது 200 வெள்ளி.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தனியாக வேக எல்லை குறிப்பிடப்படாத சாலையில் எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர். சாலை காலியாக இருக்கிறதே என்று 65ல் போகிறீர்கள். இதை யாரும் ‘பறக்கிறான்’ என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் 6 புள்ளி. முன்பு இப்படி ஆறு தடவை மாட்டினால்தான் 24 ஆகும். இப்போது நான்கே தடவை போதும். 90 கிலோமீட்டர் எல்லையுள்ள விரைவுச்சாலையில் 125ல் போனால், சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குச் சமமான 12 புள்ளி. அப்படி ஒரு தடவை, கைப்பேசியோடு ஒரு தடவை என்றால் கணக்கு நிறைந்துவிடும்.

மாட்டுவதற்கான வாய்ப்பும் கூடியிருக்கிறது. சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கைத் தாண்டுவோரைப் படம் பிடிக்கும் கேமராக்களில், வேகத்தையும் கண்காணிக்கும் வசதியை 2024 ஏப்ரல் 1 முதல் படிப்படியாக இயக்கி வருகிறார்கள். பச்சை விளக்கில்தானே போனேன் என்று நினைப்பவருக்கும் கடிதம் வரலாம். 2025ன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் சுமார் 118,000 வேகக் குற்றங்கள் பதிவாகின. 2023ல் சாலை விபத்துகளில் 136 பேர் இறந்தார்கள், 2024ல் 142 பேர். புள்ளிகளைக் கூட்டியதற்கான காரணத்தை இந்த எண்களிலேயே பார்க்கலாம்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். வீவக கார் நிறுத்துமிடத்தில் கட்டணம் தீர்ந்துபோனதற்கு வரும் அபராதம், மின்னியல் சாலைக் கட்டணம் செலுத்தாததற்கு வரும் கடிதம் ஆகியவற்றில் புள்ளி கிடையாது. பணம் கட்டினால் முடிந்தது. எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரித் தோன்றுவதால்தான் புள்ளி உள்ளதையும் இல்லாததையும் நாம் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம்.

மறக்கவும் தெரிந்த கணக்கு

இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. அது மன்னிக்கும். கடைசியாகச் செய்த குற்றத்திலிருந்து தொடர்ந்து 12 மாதங்கள் புள்ளி பெறும் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால், சேர்ந்த புள்ளிகள் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். பழையபடி சுத்தமான கணக்கு.

ஆனால் ‘தொடர்ந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருவர் ஜனவரியில் சிவப்பு விளக்கைத் தாண்டி 12 புள்ளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதம் ஒழுங்காக ஓட்டுகிறார். நவம்பரில் ஒரு சின்ன வேகக் குற்றம், 6 புள்ளி. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அந்த 12 போயிருக்கும். இப்போது போகாது. 12 மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், கையில் 18 புள்ளி. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் இன்னொரு 6. மொத்தம் 24. இருபது மாதத்தில் மூன்றே குற்றங்கள்தான். “நான் என்ன ரவுடி மாதிரியா ஓட்டுறேன்?” என்று அவர் கேட்டால், இல்லைதான். இருந்தாலும் உரிமம் முடங்கும்.

அபராதம் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பது என் எண்ணம். 200 வெள்ளி என்பது உணவு விநியோகம் செய்யும் தம்பிக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு. பெரிய சம்பளக்காரருக்கு அது ஒரு வேளை விருந்து. பணத்தை மட்டும் தண்டனையாக வைத்தால், வேகமாக ஓட்டுவது வசதி உள்ளவர் விலை கொடுத்து வாங்கக்கூடிய சலுகையாகிவிடும். புள்ளிக்கு அந்த வேறுபாடு தெரியாது. 24 என்றால் இருவருக்கும் 24தான். ஒரு நாள் தவறையும் பழகிப்போன தவறையும் அது பிரித்துக் காட்டுகிறது.

புதியவருக்கு 13 தான் எல்லை

உரிமம் வாங்கி முதல் ஓராண்டு சோதனைக் காலம். கண்ணாடியில் முக்கோணத் தகடு ஒட்டிக்கொண்டு ஓட்டும் அந்தக் காலத்தில் எல்லை 24 அல்ல, 13. அதை எட்டிவிட்டால் 12 வார முடக்கம் எல்லாம் இல்லை. உரிமமே ரத்து. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு, இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தேற வேண்டும். பாடக் கட்டணம், தேர்வுத் தேதிக்கான காத்திருப்பு எல்லாம் மறுபடியும்.

புதிய கணக்கில், ஒரு சிவப்பு விளக்கும் ஒரு தடவை வார் போடாததும் சேர்ந்தாலே 15. எல்லையை 41 கிலோமீட்டர் மீறிய ஒரே ஒரு குற்றமே 18. இளம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

“அப்பா பேர்ல போட்டுடலாமா?”

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். மகன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். நிறுவனத்தின் வேனை ஓட்டுவதும் அவன் வேலை. உரிமம் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. ஏற்கெனவே ஒரு வேகக் குற்றத்துக்குப் பழைய கணக்கில் 4 புள்ளி. இப்போது வீட்டுக் காரில் போகும்போது சிவப்பு விளக்கு, 12. மொத்தம் 16. கார் அப்பா பெயரில் இருந்ததால் கடிதம் அப்பாவுக்கு வந்திருந்தது.

“தம்பி, அவங்க அப்பா வண்டியே எடுக்கிறதில்ல. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா உண்டு. அவர் பாயிண்ட் எல்லாம் சும்மாதானே கிடக்கு? அவர்தான் ஓட்டினாருன்னு சொல்லிக் கட்டிட்டா என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?”

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் வேலை போய்விடுமோ என்ற பயம் அது. நம் குடும்பங்களில் ஒருவர் கடனை இன்னொருவர் தாங்குவது தவறே இல்லை, அதுதான் பாசம். பிள்ளைக்காக அப்பா எதை விட்டுக்கொடுக்கவில்லை? அந்தப் பழக்கத்திலேயே புள்ளியையும் ஒரு கடன் போலப் பார்க்கிறோம். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை என்று அவரிடம் சொன்னேன்.

கேமராவில் பதிவான குற்றத்துக்குக் கடிதம் வாகன உரிமையாளருக்கு வரும். அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று சொல்லும் பொறுப்பு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அவருடையது. சொல்லாமல் விட்டால் அவரே ஓட்டியதாகக் கொள்ளப்படும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டாதவர் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று ஒப்புக்கொண்டு கட்டுவதும் பொய்த் தகவல்தான். பணம் வாங்கிக்கொண்டு பிறர் புள்ளிகளைத் தங்கள் பெயரில் ஏற்றுக்கொண்டவர்கள், கொடுத்தவர்கள் எனச் சிலர் இங்கே சிறைக்கே போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் நடந்தது, பணம் கைமாறவில்லை என்பதால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. 400 வெள்ளியோடும் ஓர் உரிமத்தோடும் முடிய வேண்டியது, அப்பாவின் பெயரில் ஒரு வழக்காக வளரலாம்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தயாராகத்தான் இருந்தார். மறுத்தது மகன். “அப்பா, நாளைக்கு யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டா நீங்க எந்த ரோட்டுல போனீங்கன்னுகூட உங்களுக்குத் தெரியாதே” என்றானாம். அவனே இணையத்தில் தன் விவரங்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டான். உரிமம் ரத்தானது. வேலை போகும் என்று எல்லாரும் பயந்தார்கள். நிறுவனம் அவனை வேனில் இரண்டாவது ஆளாக அனுப்பியது. ஓட்டுவதற்கான மாதப்படி நின்றுபோனது. அது சின்ன இழப்பு இல்லை. வீட்டுத் தவணைக்கு அந்தப் பணமும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. அக்கா சில வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் சொன்ன யோசனையால் மகனுக்கு நன்மை நடந்தது என்று இன்றும் அவர் சொல்லமாட்டார். ஆனால் அப்பாவின் பெயரில் எந்த வழக்கும் இல்லை, மகன் யாருக்கும் பயந்து வாழவும் இல்லை.

12 வாரம் என்றால் என்ன?

முடக்கம் என்றதும் ‘மூன்று மாதம் எம்ஆர்டியில் போனால் போச்சு’ என்பவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். வாடகைக் கார் ஓட்டுபவர், மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டு செல்பவர், லாரி ஓட்டுநர் ஆகியோருக்கு அது 12 வாரச் சம்பளம். முடக்கம் எல்லா வகை உரிமங்களுக்கும் பொருந்தும். காரில் செய்த குற்றத்துக்கு மோட்டார்சைக்கிளையும் தொட முடியாது.

முடக்கம் முடிந்து திரும்பி வருபவருக்கு எல்லை இன்னும் குறுகிவிடும். அடுத்த 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தாலே இரண்டாவது முடக்கம், அது 24 வாரம். அதாவது, திரும்பி வந்தவர் ஒரே ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினாலே போதும். மூன்றாவது முடக்கம் ஓராண்டு, நான்காவது ஈராண்டு, ஐந்தாவது மூவாண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ முடக்கப்பட்டால் உரிமம் செல்லாததாகிவிடும். மறுபடி தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும்.

முடக்கக் காலத்தில் ‘பக்கத்துக் கடைக்குத்தானே’ என்று சாவியை எடுப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. அடிபட்டவருக்கான இழப்பீடு குடும்பத்தின் தலையில் விழலாம்.

இன்னொன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மது அருந்தி ஓட்டுவது, ஆபத்தாக ஓட்டுவது போன்ற கடுமையான குற்றங்களுக்கு நீதிமன்றம் விதிக்கும் தடை வேறு. அதற்குப் புள்ளிகள் சேரும்வரை யாரும் காத்திருக்கமாட்டார்கள். உயிர் போன அல்லது கடுங்காயம் ஏற்பட்ட விபத்து என்றால், வழக்கு முடியும் முன்பே உரிமத்தை முடக்கப் போலிசுக்கு அதிகாரம் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில், உங்கள் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். போலிஸ் படையின் இணையச் சேவையில் சிங்பாஸ் மூலம் நுழைந்தால் சில நிமிட வேலைதான். ‘எனக்கு ஒன்றும் இருக்காது’ என்பவர்களும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, புள்ளிகள் பாதி எல்லையை எட்டியவர்களுக்குப் பாதுகாப்பான ஓட்டும் பயிற்சிக்கான கடிதம் வரும். அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். அந்த வகுப்பில் தேறினால் 4 புள்ளி குறைக்கப்படும். 20ல் நிற்பவருக்கும் 16ல் நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு, சில சமயம் ஒரு குடும்பத்தின் வருமானம்.

மூன்றாவது, பலர் ஓட்டும் காராக இருந்தால் யார் எப்போது எடுத்தார் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். ‘சாவி எங்கிட்ட, தேக்கா போறேன்’ என்றால் போதும். கடிதம் மூன்று வாரம் கழித்து வரும்போது, அந்த செவ்வாய்க்கிழமை இரவு 9.40க்கு ஓட்டினது யார் என்ற சண்டை வராது.

நான்காவது, குற்றம் செய்யவில்லை என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். ‘தொல்லை விட்டது’ என்று கட்டிவிட்டால் புள்ளி உங்கள் பெயரில் பதிவாகிவிடும். போலிசுக்கு மேல்முறையீடு எழுதலாம், நீதிமன்றத்தில் வாதிடவும் உரிமை உண்டு. காரில் பதிவுக் கேமரா இருந்தால் அந்தக் காட்சியை உடனே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சில நாளில் அது தானாக அழிந்துவிடும்.

ஐந்தாவது, நல்ல கணக்குக்கும் பலன் உண்டு. மூன்று ஆண்டுகள் குற்றமே இல்லாமல் ஓட்டியவர்களுக்குப் பல காப்புறுதி நிறுவனங்கள் சந்தாவில் கூடுதலாக 5 விழுக்காடு கழிவு தருகின்றன. புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள். பலர் கேட்பதே இல்லை.

கடைசியாக, வீட்டில் உரிமம் வாங்கிய பிள்ளை இருந்தால் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். அபராதம் கட்ட முடியாவிட்டால் உதவுவோம், வண்டி இடித்தால் சேர்ந்து சமாளிப்போம், ஆனால் புள்ளியை மட்டும் யாரும் யாருக்காகவும் வாங்கமாட்டோம். இதைக் கடிதம் வந்த இரவில் பேச உட்கார்ந்தால் எல்லாருக்கும் கோபம் வரும். முன்கூட்டியே பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.